அங்கை மண் என்ன நிறம்?

எதையும் துருவிக் கேட்பதால் அச்சுவேலிப் பக்கத்தில் கஜந்தினியை விடுப்புக்காரி என்பார்கள். அதில் பொல்லாப்பு ஒன்றும் இல்லை. அயல்வீட்டுச் சண்டை அவளுக்கு வேண்டாம். ஆனால் புதிதாக வந்த பீட்ரூட் விதை எந்த நாட்டில் விளைந்தது, மினிபஸ்காரன் ஏன் ஒரு பக்கக் கண்ணாடியைத் துணியால் கட்டியிருக்கிறான் என்பதை எல்லாம் கேட்டு அறியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பெண் பார்க்க வந்த கீர்த்திகன் வெல்டிங் வேலை செய்பவன் என்று அறிந்ததும், அந்த நெருப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் உள்ளே என்ன தெரியும் என்று கேட்டவள் அவள். பச்சையாக ஒரு புள்ளி தெரியும் என்றான் அவன். அந்தப் பதிலிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அவளைக் கட்டிய கீர்த்திகன் போன வருடம் பிரான்சுக்கென்று புறப்பட்டான். ஏஜென்சிக்காரன் ரஷ்யா வழியாக அனுப்பினான். அங்கே இறங்கிய இடத்தில் ஏஜென்சியின் ஆள் ஒருவன், வேலை அனுமதி என்று சொல்லி, வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருந்த கடதாசிகளில் கையெழுத்து வாங்கினான். ஆறாம் நாள் கீர்த்திகன் ரஷ்யப் பட்டாளத்து உடுப்போடு நின்றான். பயப்பட வேண்டாம், தன்னைச் சமையல் பகுதியில் விட்டிருக்கிறார்கள், சண்டை வெகு தூரத்தில் நடக்கிறது என்று வீட்டுக்குச் சொன்னான்.

பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை வாட்ஸப்பில் ஒரு குரல்செய்தி வரும். ஒரு நிமிடத்துக்கு மேல் நீளாது. நிற்கும் இடத்தைச் சொல்லக் கூடாது. செய்யும் வேலையைச் சொல்லக் கூடாது. சுகமோ, மகள் ஆரபி பள்ளிக்கூடம் போறாளோ, அப்பா மருந்து எடுக்கிறாரோ என்று அவன் கேட்பான். எல்லாரும் சுகம் என்று இவள் அனுப்புவாள். நாலு மாதம் இப்படியே போனது. இதை எவனும் எவளுக்கும் அனுப்பலாமே என்று கஜந்தினிக்கு ஒருநாள் எரிச்சல் வந்தது. அன்றைக்குத்தான் கேட்கத் தொடங்கினாள்.

அங்கே காகம் இருக்கிறதா? பாண் என்ன ருசி? குளிரில் சவர்க்காரம் நுரைக்குமா? எவன் ஒட்டுக்கேட்டாலும் குற்றம் காண முடியாத கேள்விகள். ஆரபியும் தன் பங்குக்கு இரண்டு சேர்ப்பாள். பதில்கள் வந்தன. காகத்துக்குத் தலையும் செட்டையும்தான் கறுப்பாம், உடம்பு சாம்பலாம். பாண் வேறு ஏதோ மாவில் சுட்டதாம், மண்ணிறமாம், புளிக்குமாம். "உமக்கு ஏன் இந்த விடுப்பெல்லாம்?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தது ஒரு செய்தியில் பதிந்திருந்தது. அந்தச் சிரிப்பை அவள் எத்தனை தரம் போட்டுக் கேட்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

ஒருநாள் வெங்காயப் பாத்தியில் நின்றபடி, அங்கை மண் என்ன நிறம் என்று கேட்டு அனுப்பினாள். வலிகாமத்துச் செம்மண்ணில் இரண்டடி வெட்டினால் சுண்ணக்கல் வந்துவிடும், அதற்குக் கீழே அலவாங்கால் இடித்துத்தான் இறங்க வேண்டும். அடுத்த கிழமை அவனுடைய பதில் வந்தது.

"கறுப்பு மண். புட்டு மா மாதிரி உதிருது. ஆளுயரத்துக்கு வெட்டியும் ஒரு கல்லுத் தட்டுப்படேல்லை."

தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த மாமனார் ஏரம்புவிடம் அதைப் போட்டுக் காட்டினாள். அவர் மோட்டரை நிற்பாட்டிவிட்டு, இன்னொருக்கால் போடச் சொன்னார். கேட்டு முடிந்ததும் அவளைப் பார்த்தார்.

"சமையல்காரன் ஏன் பிள்ளை ஆளுயரத்துக்கு வெட்டுறான்?"

கஜந்தினிக்கும் அது முதல் தரம் கேட்டபோதே பட்டிருந்தது. வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அவரிடம் கொண்டுவந்தாள். அவளுக்கு ஏழு வயதில், குசினிக்குப் பின்னால் அவளுடைய அப்பா குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினார். பொம்மர் விமானம் இரைந்தால் எல்லோரும் அதற்குள் இறங்கி, சிதறல் நேரே வராதபடி வளைத்து வெட்டிய மூலைக்குள் குந்துவார்கள். அந்த வயதில் கற்றது மறக்கிற பாடம் அல்ல. பாத்தியின் கடைசிக்கு நடந்துபோய்ப் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, பங்கருக்கு வளைவு விட்டனீங்களோ? நேரை வெட்டிப்போட்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. மரக்குத்தி அடுக்கினால் அதுக்கு மேலை மண் மூட்டை போடுங்கோ. எங்களுக்குச் சமையல் கதை வேண்டாம்."

பதினாறு நாள் பதில் இல்லை. அப்படிக் கேட்டது பிழையோ, அதை யாராவது கேட்டு அவனுக்கு இடைஞ்சல் வந்துவிட்டதோ என்று அவள் உள்ளுக்குள் வெந்தாள். ஏரம்பு விடிந்ததும் அவளுடைய போனைத்தான் முதலில் பார்ப்பார். பதினேழாம் நாள் மத்தியானம் செய்தி வந்தது. ஐந்து நிமிடம் இருந்தது.

"வளைவு விட்டிருக்கிறன். இஞ்சை உள்ளவங்களுக்கு அது தெரியாது, நான்தான் காட்டிக் குடுத்தனான். உமக்குப் பொய் சொல்லிப்போட்டன், கஜந்தினி. நான் சண்டையிலை முன்னுக்குத்தான் நிக்கிறன்."

அதற்குப் பிறகு அவன் ஒளிக்கவில்லை. ட்ரோன் எப்படி இரையும் என்று கேட்டாள். தென்னையைத் துளைக்கிற வண்டு காதுக்குள் புகுந்தமாதிரி என்றான். பயமாக இருக்கிறதா என்று கேட்டாள், ஓம் என்றான்.

மாசி மாதம் அந்தப் பங்கரின் வாசலில் ஷெல் விழுந்தது. வளைவுக்கு அப்பால் இருந்தபடியால் கீர்த்திகன் தப்பினான். இடக் காது கேட்காமல் போய்விட்டது, தொடையில் சிதறல் துண்டு. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த மூன்று மாதமும் கஜந்தினி இதேபோல் ஏமாந்து அந்தப் பட்டாளத்தில் மாட்டியவர்களின் குடும்பங்களைத் தேடிப் பிடித்து, அவர்களோடு நாலு தரம் கொழும்புக்குப் போய் வந்தாள். அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி, அவனைத் திருப்பி அனுப்பக் கேட்ட கடிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டுக் கேட்டே அதை நகர்த்தினாள். ஆவணியில் அவன் வந்து இறங்கினான்.

இப்போது அவளுடைய இடப்பக்கம் பார்த்துத்தான் நடப்பான். அந்தப் பக்கம் நின்றால்தான் அவள் சொல்வது கேட்கும். பார்க்க வருகிறவர்கள் சண்டையைப் பற்றி விசாரித்தால், சரியான குளிர் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பான். அவர்கள் அடுத்து கஜந்தினியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் ஒன்றும் சொல்வதில்லை.