சங்கிலிப்பாண்டியின் மயில்நீல வண்டி

ஆடியில் கல்யாணம் கிடையாது. மலையாளத்துக்காரர்களுக்கும் அது கர்க்கடக மாதம், மழையும் ராமாயண வாசிப்புமாகவே கழியும். பூக்கட்டிப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கொச்சியில் மட்டாஞ்சேரி மாரியம்மன் கோவில் வாசலில் பூ விற்ற பேச்சியம்மாளுக்கு, புருஷன் தவறிய வருஷத்து ஆடியில் ஓர் அதிசயம் நடந்தது. சாயங்காலம் கூடையில் பூ மிஞ்சிக் கிடக்கிற நேரம் பார்த்து டாக்ஸிக்காரர் சங்கிலிப்பாண்டி வந்து நிற்பார்.

"அக்கா, நாளைக்கு ஒரு கல்யாண ட்ரிப் இருக்கு. இருக்கிற பூவையெல்லாம் குடுங்க."

மாதம் பாதி போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கர்க்கடகத்தில் எவன் கல்யாணம் வைப்பான்? மறுநாள் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் ஒன்றும் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு, "மழை விடுமாக்கா?" என்றார். அவள் பூவை இலையில் மடித்துக் கொடுத்தாள். அந்த ஆடி முழுவதும் அவருடைய அம்பாசிடர் மல்லிகையும் சாமந்தியும் தொங்க, பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாத கல்யாண வண்டியாக பஜாரில் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கிடங்கில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

சங்கிலிப்பாண்டி தென்காசிப் பக்கத்துக்காரர். மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்க வந்தவர், லாரியில் ஏறி, வண்டி ஓட்டக் கற்று, கடைசியில் கல்யாண வண்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். கொங்கணிக் கல்யாணம், குஜராத்திக் கல்யாணம், பள்ளிவாசல் கல்யாணம், சர்ச் கல்யாணம் என்று மட்டாஞ்சேரியில் எந்தக் கல்யாணமானாலும் முன்னால் போவது அவர் வண்டிதான். தனக்கு மட்டும் ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரமில்லாமல் போய்விட்டது. பேச்சியம்மாளின் மகள் மாடத்திக்கு அவர் மாமா. அவள் கையில் முதன்முதலாகக் கண்ணாடி வளையல் போட்டு விட்டதும் அவர்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் புரட்டாசி முடிந்ததும் மாடத்திக்கு நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை தங்கையா, சுள்ளிக்கல்லில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறவன். நல்ல பையன், வாய் அதிகம் கிடையாது. அந்தக் குறையை அவனுடைய அத்தை காளியம்மை தீர்த்துவைத்தாள். பாயசத்தைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போதே சொன்னாள்.

"பூக்காரி வீட்டுல வண்டியை எதிர்பாக்க முடியுமா? பொண்ணு கூடையைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தே வந்துருவா."

நாலு பேர் சிரித்தார்கள். மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சியம்மாள் காலி டம்ளர்களை எடுக்கத் தொடங்கினாள். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த சங்கிலிப்பாண்டி எழுந்தார்.

"மதினி, எங்க பொண்ணு வர்ற வண்டியப் பாக்க சுள்ளிக்கல்லே வாசல்ல வந்து நிக்கும். நீங்க முன்னாடியே எடம் புடிச்சு வச்சுக்கிடுங்க."

அவருடைய அம்பாசிடரைத்தான் சொல்கிறார் என்று பேச்சியம்மாள் நினைத்தாள். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. வில்லிங்டன் தீவுத் தேயிலைக் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் கூரையில்லாத குட்டி வண்டியில் பாலத்தைத் தாண்டிப் பறந்து போவதைச் சின்ன வயசில் பார்த்த நாளிலிருந்து, அப்படி ஒரு வண்டி ஓட்ட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை உள்ளே கிடந்திருக்கிறது. காளியம்மையின் பேச்சு அதைக் கிளப்பிவிட்டது.

"அம்பாசிடர்ல மீன் கூடையும் போகுது, பொண்ணும் போகுது. நம்ம மாடத்தி முகத்த ஊரே பாக்கணும். தொறந்த வண்டிதான் வேணும்" என்று நின்றார்.

அதற்குத் துணை மெக்கானிக் முகமது இஸ்மாயில். கடையநல்லூர்க்காரர். பாண்டியோடு சண்டை போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இருவரும் ஞாயிறு தோறும் வண்டி பார்க்கப் போனார்கள்.

களமசேரியில் ஓர் இன்ஜினியர் வீட்டில் ஒன்று இருந்தது. மேலே பளபளவென்று சிவப்பு. இஸ்மாயில் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, "வே பாண்டி, இதுல போனா உம்ம கால் ரோட்டுல ஓடும்" என்றார். துரு அப்படித் தின்றிருந்தது.

வல்லார்பாடத்தில் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே மாதா கோவில் இருப்பதால் பேச்சியம்மாளும் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு படகில் ஏறினாள். அம்மன் எந்த ஊரில் என்ன பேரில் இருந்தாலும் அம்மன்தான் என்பது அவள் எண்ணம். மாதாவின் முன்னால் முழங்காலிட்டு, நல்ல வண்டி அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். போய்ப் பார்த்தால், யாரோ ஒரு பணக்காரப் பையன் ஆசைப்பட்டு வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டி அது. தீவில் அது ஓட ரோடு கிடையாது. சீட்டில் ஒரு கோழி அடை கிடந்தது.

"கோழியோட சேர்த்துக் குடுப்பாகளான்னு கேளும்" என்றார் இஸ்மாயில்.

கடைசியில் பாண்டி ஆசைப்பட்ட இடத்திலேயே கிடைத்தது. வில்லிங்டன் தீவில் ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரரின் வண்டி. சாயம் போன பழுப்பு நிறம். ஆனால் இன்ஜின் குழந்தை மாதிரி இருந்தது. அம்பாசிடரில் கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். இதில் இரண்டு சீட்டுக்கும் நடுவே குட்டையாக ஒரு தடி. பாண்டி அதைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மாற்றினார். இஸ்மாயில் பக்கத்தில் உட்கார்ந்து கலிமா சொன்னார். இருவர் போனார்கள், இருவர் திரும்பி வந்தார்கள். பேச்சியம்மாள் ஓரத்தில் நின்று பார்த்தாள். ஒரு குறையும் யார் கண்ணிலும் படவில்லை. அம்பாசிடரை விற்று அதை வாங்கிவிட்டார்.

அப்புறம் தொடங்கியது நிறப் பேச்சு. இஸ்மாயிலின் ஒர்க்ஷாப்பில் சாயா மேல் சாயாவாக ஓடியது.

"சிவப்பு அடி வே. ரேஸ் வண்டின்னா சிவப்புதான்."

"சிவப்பு அடிச்சா எலெக்ஷனுக்குக் கட்சிக்காரன் கொடியக் கட்டிட்டுப் போயிருவான் பாய்."

"அப்ப பச்சை."

"அதுக்கு வேற கட்சிக்காரன் வருவான்."

"வெள்ளை?"

"ஆஸ்பத்திரி வண்டின்னு நெனச்சு வழி விடுவான்."

"கறுப்பு."

"வாயக் கழுவும் பாய். கறுப்பு வண்டியில எந்தப் பொண்ணு ஏறுவா?"

இப்படியே கார்த்திகை முழுவதும் போயிற்று. சாயாக்கடைச் சேட்டன்கூட, "பாண்டி, இதொரு கல்யாணமோ, இல்ல பெயிண்டு கடையோ?" என்று கேட்டுவிட்டார். ஒரு நாள் பூக்கூடையோடு அந்த வழியாக வந்த பேச்சியம்மாளிடம், "நீங்களே சொல்லுங்கக்கா. மஞ்சள் மங்களம்லா?" என்றார் பாண்டி.

"மங்களந்தான். ஆனா மஞ்சள்மேல சாமந்தி வச்சா தெரியுமா? வெள்ளைமேல மல்லி வச்சா தெரியுமா? நீங்க வண்டியப் பாக்கீக. நான் பூவப் பாக்கேன்."

இஸ்மாயிலுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு பழைய மட்கார்டை எடுத்து அதன்மேல் பட்டை பட்டையாக எல்லா நிறத்தையும் அடித்துக் காயவைத்தார். பேச்சியம்மாள் கூடையோடு உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையின் மேலும் மல்லிகை, சாமந்தி, அரளி, ரோஜா என்று சரம் சரமாக வைத்துப் பார்த்தாள். சிவப்பில் ரோஜா முங்கியது. பச்சையில் துளசி இருக்கிற இடம் தெரியவில்லை. நீலப் பட்டைக்கு வந்ததும் அவள் கை நின்றது. எந்தப் பூவை வைத்தாலும் அது எழும்பி நின்றது.

"மாலையில சேருற பூவுல நீலமே கிடையாது பாருங்க. அதான் எல்லாத்தையும் இது எடுத்துக் காட்டுது. மயில் கழுத்து நெறம். முருகன் ஏறுற வாகனம்."

"நீலத்துக்குக் கட்சி ஏதும் உண்டா பாய்?" என்றார் பாண்டி.

"என் அறிவுக்கு இல்ல" என்றார் இஸ்மாயில்.

தை மாதம், முகூர்த்த நாள். விடிகாலையிலிருந்து பேச்சியம்மாள் தன் மகளைக்கூடப் பார்க்காமல் வண்டியை அலங்கரித்தாள். மயில்நீலத்தின்மேல் வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாகப் பூ இறங்கி, கோவில் வாசலில் அது நின்றபோது போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். தாலி கட்டியாயிற்று. மேளம் முழங்க மாடத்தியும் தங்கையாவும் வெளியே வந்தார்கள். வெள்ளைச் சட்டையும் புதுத் துண்டுமாகச் சங்கிலிப்பாண்டி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் தங்கையா உட்கார்ந்தான். மாடத்தி நின்றுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மேளக்காரர்தான் முதலில் கண்டுபிடித்து வாசிப்பை நிறுத்தினார். இரண்டு சீட்டு. நடுவில் கியர்த் தடி. பின்னால் ஒரு பெட்டி வைக்கத்தான் இடம்.

"வே பாண்டி," என்றார் இஸ்மாயில் மெதுவாக, "நாம மூணு மாசமா என்னதான் பாத்தோம்?"

"நெறத்தப் பாத்தோம் பாய்" என்றார் பாண்டி. அவர் முகம் செத்துவிட்டது. கீழே இறங்கி, சாவியைத் தங்கையாவிடம் நீட்டினார். தங்கையாவுக்குச் சைக்கிளே அவ்வளவாக வராது. இஸ்மாயில் டாக்ஸி பிடிக்க ஓடினார். முகூர்த்த நாளில் எந்த டாக்ஸி நிற்கும்? வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"நடந்தே போயிருவோம்மா" என்றாள் மாடத்தி. தங்கையாவும் வண்டியைவிட்டு இறங்கினான்.

அந்த வார்த்தை பேச்சியம்மாளைக் குத்தியது. மாரியம்மா, இதுக்கா இவ்வளவு பூவக் கட்டுனேன் என்று கோவிலைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்டுத் திரும்பியவளின் கண்ணில் வண்டி பட்டது. ஆளில்லாமல், கூரையில்லாமல், உச்சிமுதல் அடிவரை பூவாக நின்றது.

"ஏ பாண்டி, இது தேர் மாதிரில்லா இருக்கு. தேரை எந்த டிரைவர் ஓட்டுதான்? ஊரு கூடித்தானே இழுக்கு?"

சங்கிலிப்பாண்டி அவளைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். கொச்சியிலேயே வேகமான வண்டி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர். அதைக் கயிறு கட்டி இழுப்பதா என்று ஒரு கணம் அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டதை அவள் பார்த்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாய், நியூட்ரல்ல போடும்!"

கிடங்கிலிருந்து சுமட்டுக்காரர்கள் தேங்காய்நார்க் கயிறு கொண்டுவந்தார்கள். தங்கையா ஸ்டியரிங் பக்கம் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "நான் உக்காருதேன் மாமா" என்று மாடத்தி ஏறிவிட்டாள். பட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு பிரேக்கில் காலை வைத்தாள். பாண்டி வெளியே நின்று கதவுக்கு மேலாகக் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"நான் மோளேன்னு கூப்பிட்டா மிதி. கூப்பிடாம மிதிக்காத. இழுக்கிறவன் மூக்கு ஒடைஞ்சிரும்."

கயிறு விறைத்தது. மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. மயில்நீல வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. குஜராத்தித் தெருவில் மாடிகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒரு கிழக் கொங்கணிப் பூசாரி எதிரில் வந்தவர், என்ன சாமி என்று தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார். இஸ்மாயில் பின்னால் தள்ளிக்கொண்டே, "பெட்ரோல் செலவு மிச்சம் வே!" என்று கத்தினார். பேச்சியம்மாள் பக்கத்தில் நடந்தாள். தன் மகள் மாலையும் கழுத்துமாகத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதையும், ஊர் மொத்தமும் அவளைப் பார்ப்பதையும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சுள்ளிக்கல்லில் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற காளியம்மைக்கு முதலில் சிரிப்பு வந்தது. "ரெண்டு சீட்டுல மூணு பேரை ஏத்தப் பாத்த புத்திசாலி யாருய்யா?" என்றாள். "நாந்தான் மதினி" என்று பாண்டி கை தூக்கினார். அதற்குள் கயிற்றின் தலைப்பு அவள் கிட்டே வந்துவிட்டது. தேர் வடம் கண்ணில் பட்டால் தொடாமல் விடுகிற பழக்கம் எந்தத் தமிழச்சிக்கு உண்டு? தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். ஒற்றிய கையோடு பிடித்து இழுத்தாள். பெண்ணை வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்த்தது அவள் கைதான். அதற்குப் பிறகு மாடத்தியை அவள் ஒரு சொல் சொன்னதில்லை.

அதோடு சங்கிலிப்பாண்டிக்கு ஓய்வு போயிற்று. இழுக்கிற வண்டிதான் வேண்டும் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். வண்டி வேகமாகப் போனதெல்லாம் ஆளில்லாத விடிகாலையில்தான். எண்பத்தைந்தில் தென்காசியில் அவருடைய அண்ணன் படுக்கையில் விழுந்தார். பார்க்க ஆளில்லை. இனி அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் பூக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, "ஏறுங்கக்கா, மாடத்தி வீட்டுல விடுதேன்" என்றார். அத்தனை கல்யாணத்துக்கு அலங்கரித்த வண்டியில் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. சீட்டில் உட்கார்ந்து முருகா முருகா என்று கண்ணை மூடிக்கொண்டாள். காற்று முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தபோது சுள்ளிக்கல் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா என்று அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. இறங்கி, மடியிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கண்ணாடியின்மேல் சுற்றிவிட்டாள். அவர் கியர்த் தடியைப் பிடித்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"தள்ளுறதுக்கு ஆளில்லாத ஊருக்குப் போறேன்க்கா. வண்டி தானா ஓடணும்னு அம்மன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க."