சோப்புப் போட்டுக் கழுவிய வால்வுகள்

சென்ற ஆண்டு, தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன், பினாங்கு பாயான் பாருவில் என் வீட்டில் நடந்தது இது. நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். வார இறுதியில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர்களில் பல்பு போல் எரியும் கண்ணாடி வால்வுகளை வாங்கி, சோதித்து, பாட்டுப் பிரியர்களுக்கு விற்பேன். சோதிக்க எனக்கென்று ஒரு வரிசை உண்டு: முதலில் கண்ணாடியில் அச்சிட்ட எண், பிறகு விரிசல், பிறகு உள்ளே காற்றுப் புகுந்து உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு வெளுத்திருக்கிறதா என்பது, கடைசியில்தான் மின்சாரம்.

அன்று பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா பிஸ்கட் டின்னோடு வந்தார். அவர் கணவர் ரேடியோ பழுது பார்த்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்தபின், பல மாதம் யோசித்து, சேர்த்து வைத்திருந்த வால்வுகளை விற்கச் சம்மதித்திருந்தார்.

டின்னைத் திறந்தேன். எல்லாம் புதிதுபோல் மின்னின. ஒன்றில்கூட எழுத்து இல்லை.

"கழுவினீங்களாக்கா?"

"பின்ன? அடுத்தவங்க வீட்டுக்குப் போற சாமான். அழுக்கோட எப்படிலா கொடுக்கிறது? சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சேன்."

அந்தக் கால அச்சு விரல் பட்டாலே உதிரும். எண் தெரியாவிட்டால் எத்தனை வோல்ட் கொடுப்பதென்று தெரியாது. கூடிப்போனால் உள்ளிருக்கும் இழை கருகிவிடும். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அவர்கிட்ட சொல்லிடாதம்மா. எல்லாம் நல்ல சாமான், போற இடத்துல பாடும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. நான்தான் கெடுத்தேன்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவாரு."

அழிந்த எழுத்தின் தடம் சில சமயம் கண்ணாடியில் தங்கியிருக்கும். குளிர்ந்த கண்ணாடியில் பனி படியும்போது அது கண்ணுக்குத் தெரியும். வால்வுகளை ஐஸ் பெட்டியில், மீனை ஓரம் தள்ளிவிட்டு, சிறிது நேரம் வைத்தேன்.

"மீன் வாடை அடிச்சா திரும்பவும் கழுவணும்" என்றார் அக்கா, சிரிக்காமல்.

வெளியே எடுத்ததும் பனி படர்ந்தது. எழுத்து தெரிந்து, உடனே மறைந்தது. முன்பு ஒரு தொழிற்சாலையில் சாமான் சரிபார்க்கும் வேலை செய்தவர் அக்கா. அவர் கண் என் கண்ணை முந்தியது. அவர் வாசித்தார், நான் எழுதினேன். சிலவற்றில் ஒன்றுமே தெரியவில்லை. அவற்றைத் தனியே வைத்தேன். மற்றவை ஈரம் காய்ந்தபின் சோதித்ததில், பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன.

அப்போது அவர் கணவர் அழைத்தார். அக்கா ஸ்பீக்கரைப் போட்டு, போனை என்னிடம் நீட்டினார். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்கண்ணே" என்று தொடங்கினேன்.

"சுத்தமாவா? தூசியோடதானே வச்சிருந்தேன்."

அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"கழுவிட்டாளா?"

ஆமாம் என்றேன். எழுத்தை மீட்ட கதையைச் சொல்லப் போனேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

"அது மெல்லிசுக் கண்ணாடிம்மா. தேய்க்கிறப்ப கையைக் கிழிச்சிருக்கும். நல்லாப் பாரு, அவளாச் சொல்ல மாட்டா."

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஒண்ணும் ஆகலலா. மருந்து சாப்பிட்டீங்களா, இல்லையா?" என்று அதட்டினார்.

இப்போதும் வேலையிடத்தில் யாராவது எதையோ கெடுத்துவிட்டதாக வந்து நின்றால், என்ன கெட்டது என்று கேட்பதற்கு முன், அவருக்கு ஏதும் ஆகவில்லையே என்றுதான் என் வாய் கேட்கிறது.