நூல் உருண்டைகளின் மேல் அமர்ந்த கோழி

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. களைப்பு மட்டும் அறுபது வயதுக்காரனுடையது. ராசிபுரத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, வீட்டுக்கு வீடு தறி ஓடும் ஒரு சிற்றூரில் வாத்தியாராக இருந்தேன். ஒரே ஓலைக் கொட்டகை, மூன்று வகுப்பு, ஒரே வாத்தியார். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஒன்றாம் வகுப்பு அ, ஆ என்று கத்தும். நடுவில் உட்கார்ந்த இரண்டாம் வகுப்பு இரண்டையும் கலந்து சொல்லும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. மாலையில் கொட்டகையைப் பூட்டும்போது, பேசுவதற்கு எனக்குக் குரல் மிச்சம் இருக்காது.

இந்த அழகில் இயற்கைப் பாடம் வேறு. செடி, பூச்சி, பறவை இவற்றின் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குக் காட்டி நடத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. எதைக் காட்டுவது என்று உத்தரவில் இல்லை. சேலத்தில் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் ஒரு நாற்காலி வாங்கப் போனேன். நாற்காலியின் விலை எனக்கு எட்டவில்லை. துரை வீட்டுக் குழந்தை கிழித்ததுபோக மிஞ்சிய ஒரு படப் புத்தகம் கிடைத்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் ஆங்கிலப் பெயர் இருந்தது. நான் சோற்றுப் பசையால் காகிதம் ஒட்டித் தமிழில் எழுதினேன்.

பாதிப் படங்களை அந்தப் பிள்ளைகள் கண்டதே இல்லை. பனி மூடிய ஏதோ மரத்தைக் காட்டி, "இது என்ன?" என்றால், "பஞ்சு காய வச்சிருக்காங்க சார்" என்பார்கள். மீதிப் பாதி அவர்களுக்கு மிகவும் தெரிந்தவை. அவரை விதை முளைக்கும் படத்தைப் பெரிய ரகசியத்தைத் திறப்பதுபோல் விரித்துக் காட்டினேன். ஒரு வாண்டு எழுந்து, "எங்க தாத்தன் வருசா வருசம் ஊணுறாருங்க சார், அவரையும் பள்ளிக்கூடத்துல சேத்துக்குவீங்களா?" என்று கேட்டான். கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அவனை உட்காரச் சொன்னேன்.

ஒரு படத்துக்கு மட்டும் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். முட்டையை நடுவில் வெட்டிக் காட்டியது போன்ற படம். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தோராம் நாள் என்று நான்கு கட்டங்கள். அடைகாக்கும் கோழியை அந்தப் பிள்ளைகள் பிறந்தது முதல் பார்த்தவர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். சேர்ந்திருந்த ஐந்து பெண்களில் ஒருநாளும் தவறாமல் வந்தவள் அவள்தான். அன்று எல்லாரும் போன பிறகும் அவள் போகவில்லை.

"சார், மூணாம் நாளு இருக்குது, ஏழாம் நாளு இருக்குது. நடுவால என்னாகும்ங்க?"

எனக்குத் தெரியாது. புத்தகத்தில் இல்லாதது எனக்கு எங்கே தெரியும்? தலை வலித்தது, வீட்டுக்குப் போக வேண்டும்.

"பார்த்தால்தான் தெரியும். உங்க வீட்டில் கோழி அடை உட்கார்ந்தால் போய்ப் பார்" என்றேன்.

"நேத்துத்தானுங்க எங்கம்மா அடை வச்சாங்க."

"அப்புறம் என்ன? பார். பார்த்து எழுதிக்கொண்டு வா."

சொன்னது இவ்வளவுதான். அவளை அங்கிருந்து கிளப்பவே சொன்னேன். ஆனால் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு காகிதம் கொண்டுவந்தாள். மில்லிலிருந்து வரும் நூல் கட்டின் மேல் சாமி படம் போட்ட லேபிள் ஒட்டியிருக்கும். அதைக் கிழியாமல் உரித்து, பின்பக்கம் படம் வரைந்திருந்தாள். மஞ்சள் கருவின் மேல் நூலிழைபோல் சிவப்பு நரம்புகள். கீழே 'மூனாம் நாள்' என்று கோணல் எழுத்து. அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொரு லேபிள். அப்போது அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"உள்ள ஒரு செவப்புப் புள்ளி துடிக்குதுங்க சார். நிக்கவே மாட்டேங்குது. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன், அப்பறம் நின்னுபோச்சுங்க."

அந்த இடத்தில் நான் விழித்திருக்க வேண்டும். முட்டையை உடைக்காமல் இது தெரியாது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கேட்டால் நிறுத்தச் சொல்ல வேண்டிவரும். ஆனால் படங்கள் அவ்வளவு நன்றாக இருந்தன. என் உத்தியோகத்தில் முதல் தடவையாக ஒரு குழந்தை எனக்குத் தெரியாததை எனக்குக் கொண்டுவந்து தந்தது. அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வேறு வருகிறார். நான் ஒன்றும் கேட்காமல் ஒவ்வொன்றையும் வாங்கி, துரை வீட்டுப் புத்தகத்தின் கட்டங்களுக்கு நடுவில் வரிசையாக ஒட்டினேன். ஒன்பது லேபிள்கள் சேர்ந்தன.

அவள் வீட்டு விஷயம் எனக்குப் பிறகுதான் முழுதும் தெரிந்தது. அவளுடைய தம்பிக்கு நான்கு வயது. கணை நோய் கண்டு, வயிறு ஊதி, கைகால் சூம்பிக் கிடந்தான். தாய் ஊர் எல்லையில் இருந்த முனியப்பனிடம் வேண்டிக்கொண்டாள்: பிள்ளை எழுந்து நடந்தால், இந்த அடையில் பொரிக்கும் முதல் சேவல் உனக்கு. அதற்காகவே பதினோரு முட்டை பொறுக்கி அடை வைத்தாள். சாமிக்கு நேர்ந்த அடை என்பதால் பெரியவர்கள் யாரும் கூடையில் கை வைக்கவில்லை. கோழி இறங்கும்போது தீனியும் தண்ணீரும் வைக்கும் வேலை மகளுடையது.

கோழி இறங்கிய நேரத்தில் அவள் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு, தறிக்கான பாவு நூலை நீட்டிக் காயவைக்கும் புளியந்தோப்புக்கு ஓடிவிடுவாள். எண்ணிக்கை குறைந்தால் கோழிக்குத் தெரிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். கழிவு நூலை முட்டை அளவுக்கு உருட்டி, பாவுக்குப் போடும் கஞ்சியில் தோய்த்து, வெயிலில் காயவைத்துக் கல்போல ஆக்கி, எடுத்த முட்டைக்குப் பதிலாக வைத்தாள். நெசவுக்காரன் மகளுக்கு வேறு எதைக் கொண்டு முட்டை செய்யத் தோன்றும்! கோழியும் அவற்றை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு பொறுப்பாக உட்கார்ந்திருந்தது.

இருபத்தோராம் நாள் போயிற்று, இருபத்துமூன்றும் போயிற்று. தாய் கடைசியில் கோழியைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்பது நூல் உருண்டை, இரண்டு முட்டை. அந்த இரண்டும் கூமுட்டை.

மறுநாள் காலை, கொட்டகையில் பிள்ளைகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது அந்த அம்மாள் வந்தாள். ஒரு கையில் மகள்; முந்தானையில் உருண்டைகள். என் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கோபத்தைவிடப் பயம்தான் அவள் முகத்தில் அதிகம் இருந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, சாமிக்கு நேந்த அடைங்க இது. எம்பையன் உசுருக்கு வச்ச அடை. நீங்கதான் பாத்துட்டு வரச் சொன்னீங்கன்னு இவ சொல்றா. நெசமுங்களா?"

எனக்கு முன் அங்கே இருந்த வாத்தியாரை, ஒரு பையனின் குடுமியைப் பிடித்து இழுத்ததற்காக, ஊரே பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்திக் கிளப்பிவிட்டது. நாளை இந்த அம்மாளின் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் யாரைச் சொல்லும்? பத்து நாளில் இன்ஸ்பெக்டர் வருகிறார். இதையெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் நான் கணக்குப் போட்டுவிட்டேன். இதற்கு மட்டும் எனக்குக் களைப்பே இல்லை.

"நான் அப்படிச் சொல்லுவேனா அம்மா? புத்தகத்தைப் பார்த்துப் படி என்றேன். முட்டையை உடைக்க எந்த வாத்தியாராவது சொல்லுவானா?"

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் இரண்டாம் வகுப்பின் பக்கம் திரும்பி, அவர்களைப் படிக்கச் சொன்னேன். தாய் உருண்டைகளைத் திரும்ப முந்தானையில் அள்ளிக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு போனாள். அன்று மாலை வரை ஒரு பிள்ளையும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்களில் மூன்று நான்கு பேராவது, நான் அந்த லேபிள்களை வாங்கி ஒட்டியதைப் பார்த்தவர்கள்.

அதன் பிறகு அவள் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்டார். மூன்றாம் வகுப்புப் பெண் என்றேன். கூப்பிடுங்கள் என்றார். நின்றுவிட்டாள் என்றேன். "பெண் குழந்தைகள் விஷயம் இப்படித்தான்" என்று அலுத்துக்கொண்டு, இயற்கைப் பாடம் மிக நன்றாக நடப்பதாகக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு சின்னப் பையன் கோழியை விரட்டிக்கொண்டு ஓடினான். தம்பிதான். கால்கள் இன்னும் குச்சிதான், ஆனால் ஓடினான். மனசுக்குள் ஒரு பாரம் இறங்கியது. மற்றதும் இதே மாதிரி சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு உள்ளே போனேன்.

தகப்பன் தறிக்குழியில் இல்லை. நூல் வாங்க ராசிபுரம் போயிருந்தான். அந்தப் பெண் ராட்டையின் முன் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைத் தார்க் குச்சிகளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தாய் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சார்" என்றாள். சந்தையில் ஒரு சேவல் வாங்கி முனியப்பனுக்குச் செலுத்திவிட்டதாகச் சொன்னாள்.

"சாமிக்கும் தெரியுமுங்க, கொழந்தை பண்ணுனதுன்னு."

நான் நின்றபடியே சொன்னேன். உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. பார்க்கச் சொன்னது நான்தான். படங்களை வாங்கி வைத்துக்கொண்டதும் நான்தான். அன்று பயத்தில் மாற்றிச் சொன்னேன்.

அந்த அம்மாள் சத்தம் உயராமல் சொன்னாள்.

"முட்டைக்காவ இவள நிறுத்துலீங்க. முட்டை போனா இன்னொரு அடை. வாத்தியாரு மேலயே பொய் சொல்றாளே, படிச்சுப் படிச்சு இதத்தான் கத்துக்கிட்டான்னு இவிங்கப்பன் தார்க் குச்சியெடுத்து அடிச்சாரு. நானும் தடுக்குலீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அன்னைக்கே நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா, உங்களை நாலு பேச்சு பேசிப்போட்டு, மறுநாளே இவள அனுப்பியிருப்பேனுங்க."

"நான் அவரிடம் வந்து சொல்கிறேன் அம்மா. நாளையிலிருந்து அனுப்புங்கள்."

"சொல்லுங்க. அவரு கேப்பாரு. ஆனா இவளைக் கேளுங்க மொதல்ல." மகள் பக்கம் திரும்பினாள். "அம்மிணி, பள்ளிக்கூடம் போறயா சாமி?"

ராட்டை நிற்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"வேண்டாம்மா."

"ஏன்?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒவ்வொரு படத்தையும் நீங்கதானுங்க வாங்கிப் பாத்தீங்க, சார்."

கோபம் இல்லை, அழுகை இல்லை. வாய்ப்பாடு கேட்டால் பதில் சொல்வது போலச் சொன்னாள். அறுந்த இழையை எச்சில் தொட்டு முறுக்கிச் சேர்த்துக்கொண்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். தாய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ரிஜிஸ்டரில் அவள் பெயரை அடிக்க வேண்டியிருந்தது. நின்றதற்குக் காரணம் எழுத அதில் ஒரு கட்டம் உண்டு. பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று வகுப்பும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கட்டத்தில், 'வீட்டு வேலை' என்று எழுதினேன்.