சோளகத்துக்குச் சாத்திய கதவு

"ஆடி 8, மாலை 4.35: கதவு தட்டப்படுகிறது. இரண்டாம் தடவை." என் குறிப்புப் புத்தகத்தில் இப்படியொரு வரி இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். எழுதிய ஞாபகம் இல்லை.

புளியங்கூடலின் உப்புக்காற்று என் காரின் சைலன்சர் குழாயை ஓயாமல் அரித்துக்கொண்டிருந்தது. அன்று துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, சான்ட் பேப்பரால் தேய்த்து, தின்னரால் துடைத்து, சூடு தாங்கும் பெயின்டை மெல்லிசாக மூன்று முறை பூசினேன்.

"காருக்கு அடியில ஆர் அண்ணை குனிஞ்சு பாக்கப்போகினம்?" என்று சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டு யோகம் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போனாள்.

பூச்சு இறுக வேண்டுமானால் எஞ்சினை ஓடவிட்டுக் குழாயைச் சூடாக்க வேண்டும். சோளகக் காற்று மணலைக் கொண்டுவந்து பூச்சில் அப்பிவிடும் என்று பயந்து, கார் நின்ற தகரக் கொட்டிலின் கதவைச் சாத்தி, எஞ்சினை ஓடவிட்டுவிட்டு உள்ளேயே கதிரையில் இருந்தேன். புகையைப் பற்றி நினைக்கவேயில்லை. தலை பாரமானது. கண் சொருகியது.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அண்ணை, திறவுங்கோ!" யோகத்தின் குரல். தவழ்ந்து போய்க் கதவைத் தள்ளி, முற்றத்தில் விழுந்தேன். அங்கே ஒருவரும் இல்லை.

பொழுதுபட யோகம் வந்தாள். "நானோ? நான் அப்ப ஜெட்டியில வள்ளத்தைப் பாத்துக்கொண்டெல்லே நிண்டனான்!"

பூச்சு இன்றுவரை உரியவில்லை. புகை மூளையை ஏமாற்றும் என்று பிறகு வாசித்தேன். இருக்கலாம். அயலெல்லாம் விசாரித்தும், தட்டியது யார் என்பதை உறுதிப்படுத்த முடியவில்லை. முதல் தடவை தட்டியபோது நான் ஏன் திறக்கவில்லை என்பதையும்.