ருக்கியா பெரியும்மாவின் நாட்டுக்கோழி

பெண் பார்க்கக் கெலிஓயாவுக்குப் போன அன்று, நஸீப் தன் பட்டச் சான்றிதழையும் கையோடு கொண்டு போயிருந்தான். அலவத்துகொடையில் மிளகுக் கொடிகளோடு காலம் கழித்த அவனுடைய வாப்பாதான், "கொண்டு வா மகன், காட்டுவோம்" என்று பிடிவாதமாக நின்றார். அந்தக் குடும்பத்திலிருந்து பேராதனைக் கெம்பஸுக்குப் போன முதல் ஆள் அவன். வேண்டாம் என்று அவனும் பெரிதாக மறுக்கவில்லை.

அந்த வீட்டில் அதைக் கேட்டு வாங்கியவர் ஒரே ஒருவர்தான். சமையலறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த எண்பது வயது ருக்கியா. பெண்ணின் உம்மா அஸீமாவுக்கு மூத்த ராத்தா அவர். மொத்தக் குடும்பமும் அவரைப் பெரியும்மா என்றுதான் அழைத்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் வாசிக்கத் தெரியாத எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"இதில எது ஒங்கட பேரு?"

நஸீப் காட்டினான்.

"வாப்பாட பேரும் ஈக்கியா?"

"ஈக்கி. எனக்கு முன்னுக்கு அவர்ட பேருதான்."

"அப்ப நல்ல கடதாசிதான்" என்று மடிக்காமல் கவனமாகத் திருப்பிக் கொடுத்தார்.

பெரியும்மாவின் கதையை, கல்யாணமான பிறகு மனைவி ஸுமைரா சொல்லித்தான் அவன் அறிந்தான். கம்பளையில் ஆற்றோரத்து வீட்டில் பிறந்து, பதினேழு வயதில் புடவைக்கடை ஜவ்பருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிரசவத்தில் உம்மா மௌத்தாக, கைக்குழந்தையாயிருந்த தங்கை அஸீமாவைத் தன் இரண்டு மகன்மாரோடு சேர்த்து வளர்த்தவர். பெரியும்மாவுக்கு முப்பத்தைந்து வயதானபோது கணவரும் போய்ச் சேர்ந்தார். கடையைப் பூட்டிவிடலாம் என்றார்கள் உறவுக்காரர். கணவன் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவின் நாலு மாதமும் பத்து நாளும் பெரியும்மா வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஆனால் கடைத் துணியெல்லாம் வீட்டுக்கு வந்தது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தானே அளந்து வெட்டிக் கொடுத்தார். எப்போதும் ஒரு விரற்கடை கூட்டித்தான் வெட்டுவார். வெள்ளிக்கிழமை தவிர ஒரு நாளும் கடை மூடவில்லை.

ஒன்றை மட்டும் ஸுமைரா சொல்லவில்லை. அந்தக் கடையின் நடுவில் இப்போது ஒரு பலகைத் தடுப்பு நின்றது. வாப்பாவின் பெயர்ப்பலகையை யார் பக்கம் மாட்டுவது என்று தொடங்கிய சண்டையில், மகன்மார் ஹபீலும் ஹாஷிமும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லாமல் இருந்தார்கள். புது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று எல்லோருமாக அதை மூடி மறைத்திருந்தார்கள்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம், ஜவ்பர் மௌத்தான நாளில் ஓதும் வருடக் கத்தம் வந்தது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் விருந்து. ஒவ்வொரு வருடமும் ஹபீலை முன்கூடத்திலும் ஹாஷிமைப் பின்விறாந்தையிலும் இருத்தி அஸீமா சமாளித்துவிடுவார். அந்த வருடம் பெரியும்மா நஸீபைக் கூப்பிட்டார்.

"மருமகன், ஆளுகள இருத்துற வேல ஒங்களுக்கு."

"எனக்கு ஒருத்தரையும் சரியாத் தெரியாதே பெரியும்மா."

"தெரியத் தேவல்ல. ஹபீல், ஹாஷிம், பள்ளிவாசல் ஹஸரத், ஒங்கட வாப்பா, மத்த ரெண்டு பெரியாக்கள். ஆறு பேரையும் ஒரே சஹன்ல இருத்துங்க. சத்தமாக் கூப்பிடுங்க."

வகுப்பறையில் பேர் கூப்பிட்டுப் பழகிய ஆசிரியர் குரல் அவனுடையது. வீடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான். அகப்பையோடு அஸீமா அப்படியே நின்றுவிட்டார். ஹபீல் தரையைப் பார்த்தார், ஹாஷிம் வாசலைப் பார்த்தார். ஒன்றும் அறியாத அலவத்துகொடை வாப்பா மட்டும் சாரத்தைச் சரிசெய்து முதலில் உட்கார்ந்து, "வாங்க வாங்க, சோறு ஆறுது" என்றார். சம்பந்தியின் முன்னால் எப்படி மறுப்பது? இருவரும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள்.

சோற்றின் நடுவில் முழுசாகப் பொரித்த கோழி இருந்தது. மூத்த மகன் என்ற முறையில் ஹபீல் காலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. திருப்பிப் பிடித்து இழுத்தார். சஹன்தான் நகர்ந்தது.

"இது கோழியா, செருப்பா?" என்றார் ஹஸரத். ஒருவரும் சிரிக்கவில்லை.

நஸீபின் வாப்பாவுக்கு விரல் மூட்டு வலி. மற்ற இருவரும் ஹாஷிமைப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, கோழியின் மற்றக் காலைப் பிடித்தது.

"இங்கால சாச்சிப் பிடி" என்றார் ஹபீல்.

"மெதுவா காக்கா" என்று அண்ணனிடம் சொன்னார் ஹாஷிம்.

கோழி இரண்டாகப் பிரிந்தது. பெரிய துண்டை ஹபீல் தம்பியின் பக்கம் தள்ளினார். அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் சமையலறையில் அஸீமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் ஸுமைரா அவனை அறைக்குள் இழுத்துப் போய் முழுக்கதையையும் சொன்னாள். நஸீப் நேராகப் பெரியும்மாவிடம் ஓடினான்.

"மன்னிச்சுக்கோங்க, எனக்குத் தெரியாமப் போச்சி."

பெரியும்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். "டவுன்ல புரொயிலர் கோழி மலிஞ்சி கெடக்கு. நான் ஆளனுப்பி, முட்ட உட்டு ஓஞ்ச நாட்டுக்கோழியாத் தேடி எடுத்தது என்னத்துக்கு?"

வெற்றிலையை வாயில் வைத்துவிட்டுத் தானே பதிலும் சொன்னார்.

"ஒத்தக் கையால அதப் பிரிக்க ஏலா, மகன்."

"எனக்கு முன்னுக்கே செல்லியிருக்கலாமே."

"செல்லியிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா? யோசிச்சிக்கிட்டு நிப்பீங்க. படிச்ச ஆளு தானே."

ஒரு கோழியால் ஒன்பது வருடம் கரைந்துவிடவில்லை. முதலில் கடைப் பூட்டைப் பற்றி, மழையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பிறகு ஹாஷிமின் மகள் கல்யாணத்துக்கு ஹபீல் முன்னால் நின்றார். கடைத் தடுப்பு இன்னும் இருக்கிறது. அதில் ஒரு கதவு மட்டும் வெட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகை அந்தக் கதவுக்கு மேலே தொங்குகிறது.

போன வருடம் ஒரு சுபஹ் தொழுகைக்குப் பிறகு, எண்பத்தாறாவது வயதில், பெரியும்மா படுக்கையிலேயே மௌத்தானார். மகன்மார் இருவரும் கப்றுக்குள் இறங்கி அவரை வாங்கிக் கிடத்தினார்கள். நாற்பதாம் நாள் கத்தத்தில் ஆட்களை இருத்த நஸீப் எழுந்தபோது, ஹபீலும் ஹாஷிமும் ஏற்கெனவே ஒரே சஹனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மச்சான், ஒரு ஆள் கொறயுது. நீங்க வாங்க" என்றார் ஹாஷிம்.

அன்றைக்கும் நாட்டுக்கோழிதான்.

ருக்கியா பெரியும்மா இப்போது கெலிஓயா மையவாடியில், ஜவ்பரின் கப்றுக்குப் பக்கத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து மகன்மார் இருவரும் சேர்ந்தே அங்கே போய் வருகிறார்கள்.