அஸ்கி கிடக்கும் பக்கம்

கல்முனைக்குடியில் காலிதீன் சேரிடம் கேத்திரகணிதம் படித்த நாங்கள் அடிமட்டத்தைத் திருப்பிப் பிடித்துத்தான் கோடு கீறுவோம். இலக்கமுள்ள விளிம்பைத் தொட விடமாட்டார். நேர்விளிம்பு எதையும் அளக்காது, இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும், அவ்வளவுதான் என்பார்.

அவருடைய மகன் அஸ்கி சிறுவயதில் காய்ச்சலில் மௌத்தானான். கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடும் மீசான் கட்டைகளைச் சேரே சீமெந்தில் வார்த்தார். இரண்டும் ஒரே அச்சு. பெயர்கூட எழுதவில்லை. அடுத்த வருடம் கடல் வந்து மையவாடியின் மதிலையும் மரங்களையும் கொண்டுபோனது. அஸ்கியின் கட்டைகளில் ஒன்று மட்டும் நின்றது. அதன் வடக்கே நின்றுதான் வெள்ளிக்கிழமைகளில் சேர் துஆ கேட்பார்.

போன மாதம் குழி வெட்டும் அச்சிமுகம்மது வந்தார்.

"சேர், ஒரு மையித்து அடக்கோணும், மையவாடியில இடமில்ல. மகன்ட கட்டைக்குப் பக்கத்தில வெட்டச் சொல்றாங்க. அவர்ர மேல மண்வெட்டி படக்கூடா. வந்து காட்டுங்க."

பக்கத்துக் கபுறில் இரண்டு கட்டைகளும் இருந்தன. அவற்றைச் சேர்க்கும் கோட்டுக்குச் சமாந்தரமாக மகனின் கட்டையூடே ஒரு கோடு வேண்டும். சேர் கயிற்றைப் பிடித்து மணலில் வில்கள் கீறினார்.

"என்ன சேர், ஆட்டுக் கயிறா?"

"ஓம். இண்டைக்கு இதான் கவராயம்."

வில்கள் வெட்டிய புள்ளியையும் கட்டையையும் சேர்த்து மேசனின் மட்டப்பலகையை வைத்துக் கீறினார். கோடு பிசகாமல் வந்தது.

"இது தலைமாட்டுக் கட்டையா, கால்மாட்டுக் கட்டையா சேர்?"

"தலைமாடு எண்டுதான்..."

நிறுத்திவிட்டார். வடக்கே தலைவைத்துத்தான் அடக்குவார்கள். தலைமாடு என்றால் மகன் தெற்கே கிடக்கிறான். கால்மாடு என்றால் வடக்கே. கோடு இரண்டு பக்கமும் போனது. சேர் தான் நின்ற வடக்குப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லப் பின்வாங்கினார்.

"ஒரு பக்கத்தச் சொல்லுங்க. மத்தப் பக்கம் வெட்டுறன்."

"ரெண்டையும் உடுங்க."

"பள்ளி நிருவாகம் ஏசும் சேர்."

"என்ட உம்மாட கபுறுக்குப் பக்கத்தில எனக்கெண்டு ஒரு இடம் கிடக்கே. அந்த மையித்த அங்க அடக்குங்க."

அச்சிமுகம்மது மண்வெட்டியை ஒரு பக்கம் வைத்தார். பிறகு கட்டையின் இரு பக்கமும் மணலைக் கூட்டிக் கபுறுபோல உயர்த்தினார்.

தலைமாடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் சேர் உள்ளே போவதில்லை. நடைபாதையிலேயே நிற்கிறார். எந்தக் குவியலைப் பார்த்து மகனைக் கூப்பிடுவது என்று தெரியாமல், கட்டையைப் பார்த்துக் கூப்பிடுகிறார்.