பலிக்காத வாய்

என் கணவர் முன்கூட்டிச் சொன்ன எதுவும் நடந்ததில்லை. இதை நான் பொல்லாப்பாகச் சொல்லவில்லை. ரொறன்ரோவில் அவருடைய கல்லூரிப் பழைய மாணவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி இது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தையே கல்லூரி என்போம். அந்தக் கல்லூரியின் பெயரில் இங்கே தொந்தி வைத்த ஆண்கள் சிலர் ஓர் உதைபந்தாட்ட அணி வைத்திருந்தார்கள். கோடை வந்தால் ஸ்காபரோவில் ஒரு பார்க்கில் மற்றக் கல்லூரிகளின் பழைய மாணவர்களோடு மோதுவார்கள். விளையாடுகிறவர்கள் அரைமணி நேரத்தில் களைத்துப் போவார்கள். வெளியில் இருந்து பார்க்கிறவர்களின் வாய்தான் களைப்பதே இல்லை.

என்னவர் பார்க்கிறவர். மடக்குக் கதிரையைக் கோட்டுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டு, நான் கொடுத்துவிட்ட ரோல்ஸைக் கடித்துக்கொண்டு ஆரூடம் சொல்லத் தொடங்குவார். "இண்டைக்கு மூண்டு கோலால அடிப்பம்" என்பார். அன்றைக்கு எங்கள் கோலியின் காலுக்கு நடுவால் பந்து போகும். "உவன் பெனால்ட்டியைத் தவற விடவே மாட்டான்" என்பார். பந்து பார்க்கிங்கில் நிற்கும் எங்கள் வான் மேலேயே போய் விழும். கடைசியில் மற்றவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆட்டத்துக்கு முன் அவரைச் சுற்றி நின்று, "அண்ணை, இண்டைக்குத் தோப்பம் எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ" என்று கெஞ்சுவார்கள். அவர் மூஞ்சையை நீட்டிக்கொண்டு சொல்லுவார். பல தடவை வென்றும் இருக்கிறார்கள்.

ஓகஸ்ட் முடிவில் எல்லாரும் குடும்பமாகப் பிக்னிக் கூடுவோம். சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் வட்டமாக இருந்து, அந்த வருடம் தாங்கள் சொன்னதிலேயே மிக மோசமான ஆரூடத்தை ஒவ்வொருவராக எழும்பி நின்று சொல்ல வேண்டும். தானாகத்தான் சொல்ல வேண்டும், அடுத்தவன் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆகக் கேவலமாகச் சொன்னவருக்கு எதிர்க் கல்லூரியின் ரையைக் கழுத்தில் கட்டிப் படம் எடுப்பார்கள். எங்கள் வீட்டில் இவர் ரை கட்டிய படங்கள் நிறைய இருக்கின்றன. கலியாணப் படத்தைத் தவிர மற்றதெல்லாம் அந்த ரைதான்.

ஆனால் இவருடைய ஆரூடங்களில் பேர்போனது இங்கே சொன்னதில்லை, ஊரில் சொன்னது. என் தம்பி அந்தக் கல்லூரி அணியில் லெஃப்ட் எக்ஸ்ரீம், அதாவது இடது ஓரத்தில், விளையாடினான். ஆள் ஈர்க்குக் குச்சி. ஒரு பெரிய ஆட்டத்தில் கூட்டத்துக்குள் நின்ற ஒருவர், "உந்த நோஞ்சானை வெளியில எடுங்கோடா, உவன் பந்தைத் தொடவும் மாட்டான்" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். தம்பி இரண்டு கோல் அடித்தான். சில வருடங்கள் கழித்து எனக்குச் சம்பந்தம் பேசி வந்தபோது தம்பிதான் ஆளை அடையாளம் கண்டான். "அக்கா, இவர்தான் அண்டைக்கு என்னை வெளியில எடுக்கச் சொன்ன ஆள். ஓம் எண்டு சொல்லு, இவரை வைச்சே காலம் முழுக்கச் சிரிக்கலாம்" என்றான். நான் ஓம் என்றேன்.

நாங்கள் கனடா வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்து, பிறகு அஜக்ஸில் வீடு வாங்கினோம். தம்பி வன்னிக்குப் போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தான். கலியாணம் கட்டினான். பின்னேரங்களில் பெடியளுக்குப் பந்தடி பழக்கினான். தொலைபேசி கிடைக்கும்போதெல்லாம் என்னோடு இரண்டு சொல், அத்தானோடு இருபது சொல். "அத்தான், இந்த முறை எங்கட ரீம் எப்பிடி?" என்று கேட்பான். இவர் ஏதாவது சொல்ல, அங்கே அவன் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

சண்டையின் கடைசி மாதங்களில் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. தம்பியும் மனைவியும் இடம் மாறி இடம் மாறிக் கடற்கரை வரைக்கும் போய்விட்டார்கள் என்று தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. பந்து பார்க்கக் கூடிய அதே ஆண்கள் அந்தக் குளிரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கூடினார்கள். அதே குரல், அதே அடித்துச் சொல்லும் பேச்சு. "வெளிநாட்டுக் கப்பல் வரும், சனத்தை ஏத்தும்" என்றார் ஒருவர். "ரெண்டு கிழமையில நிப்பாட்டுவாங்கள்" என்றார் இன்னொருவர். பஸ் ஓட்டுகிற, நான் தம்பி என்று கூப்பிடுகிற ஒருவர், என்னவருக்கு நெருங்கிய கூட்டாளி, "இவ்வளவு சனத்தையும் சாக விட்டிட்டு உலகம் பாத்துக்கொண்டிருக்காது" என்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்று ஒவ்வொரு சொல்லையும் விழுங்கினேன். எல்லாவற்றையும் நம்பினேன். என்னவர் மட்டும் வாயே திறக்கவில்லை.

"நீங்களும் சொல்லுங்கோவன், தம்பி வருவான்தானே?" என்று கேட்டேன்.

"வரமாட்டான்" என்றார்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு மேலே போனேன். அன்றிலிருந்து அவரோடு கதைக்கவில்லை. சோறு போட்டேன், உடுப்புத் தோய்த்தேன், முகம் கொடுக்கவில்லை. பஸ் ஓட்டுகிற தம்பிதான் எனக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, உங்களுக்கு விளங்கேல்லையோ? அண்ணை எதைச் சொன்னாலும் மாறித்தானே நடக்கிறது. அதுவும் உங்கட தம்பியின்ர விசயத்தில அவர் சொன்னது எண்டைக்குச் சரி வந்தது? அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னவர்."

"என்ர தம்பியின்ர உயிர் உங்களுக்குப் பந்தடியோ?" என்று கத்திவிட்டு வைத்தேன். வைத்த பிறகு அங்கேயே நின்றேன். அவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள் நான், இப்படியான விசர்க் கதையை நம்பலாமா என்று என்னையே ஏசினேன். ஆனால் அந்த நேரத்தில் ஆர் எதைத் தந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பேன்.

காலையில் வேலைக்குப் போகிற இவரை அஜக்ஸ் கோ ரெயின் ஸ்ரேசனில் இறக்கிவிடுவது என் பொறுப்பு. இறக்கும் இடத்தில் "கிஸ் அண்ட் ரைட்", கொஞ்சிவிட்டு ரெயின் ஏறு என்கிற மாதிரி, பலகை போட்டிருக்கும். முன்னாலும் பின்னாலும் நிற்கும் கார்களில் பெண்சாதிமார் புருசன்மாரைக் கொஞ்சி அனுப்புவார்கள். மறுநாள் அந்த இடத்தில் கார் நின்றதும் நான் கதவுப் பூட்டைத் திறக்கவில்லை.

"சொல்லுங்கோ" என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. "உம்மட தம்பி வரமாட்டான்" என்றார்.

நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிப் போனது. ஒவ்வொரு காலையும் நான் கேட்பேன், அவர் சொல்லுவார், கதவைத் திறப்பேன். ஒருநாள் அவர் அவசரத்தில் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்பிடி வாயால சொன்னால் பலிச்சுப் போகும். மனசாரச் சொல்லுங்கோ. நம்பிச் சொல்லுங்கோ."

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இமைக்கு வெளியே தண்ணீர் வந்தது. நான் நல்லது என்று நினைத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

மே மாதம் சண்டையை நிப்பாட்டச் சொல்லி டவுண்ரவுணில் ரோட்டை மறித்து இருந்தோம். பிள்ளைகள், கிழவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார் என்று எல்லாரும் இருந்தோம். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை அடைத்துப்போனது. ஒருநாள் சண்டை முடிந்தது என்றார்கள். கப்பல் வரவில்லை. ஆரும் வரவில்லை.

தம்பியின் மனைவி முகாமில் இருந்து ஆரோ ஒருவருடைய போனில் என்னைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை மத்தியானம், நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "மச்சாள், அவர் இல்லை" என்றாள். இல்லையென்றால் எங்கே என்று கேட்டேன். அவ்வளவு மடைச்சியாகத்தான் கேட்டேன். கடைசிக் கிழமையில் தண்ணி எடுத்துவர பங்கரை விட்டு வெளியில் போனானாம். பக்கத்திலேயே விழுந்தானாம். அவர்கள் இருந்த பங்கருக்குள்ளேயே அவனை வைத்து மூடிவிட்டு இவள் நடந்து வந்திருக்கிறாள். அழாமல் சொன்னாள். நானும் அழாமல் கேட்டேன். போனுக்கு உரியவர் திருப்பிக் கேட்கும் சத்தம் கேட்டது, வைத்துவிட்டாள்.

இவர் கடைக்குப் போய் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் நின்று, "பலிச்சிட்டுது" என்றேன். அந்த ஒரு சொல்தான். அவர் ஒரு காலில் சப்பாத்தோடு படிக்கட்டில் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் அவரை ஸ்ரேசனுக்குக் கொண்டுபோகவில்லை, பஸ்ஸில் போனார். ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள், பூசை வைத்தோம், எல்லாம் முறையாக நடந்தது. எனக்குக் கண்ணீர் மட்டும் வரவில்லை. இவர் அறைக்குள் வந்தால் நான் எழும்பிப் போனேன். ஊரெல்லாம் வருவான் வருவான் என்றபோது இந்த மனுசன் ஒருத்தர்தான் என் தம்பியைச் செத்தவனாக நினைத்துப் பார்த்தவர் என்று தோன்றியது. நினைக்கச் சொன்னவளே நான்தான் என்றாலும் கோபம் நியாயம் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் ஆட்கள் பந்தைத் தொடவில்லை. ஆனாலும் ஓகஸ்ட் முடிவில் பார்க்கில் கூடினோம். வீட்டில் இருந்தாலும் சுவரைத்தானே பார்க்க வேண்டும். இறைச்சி அடுப்பில் கருகியது, கவனிப்பாரில்லை. சாப்பிட்டு முடிந்து ஆண்கள் பழக்கத்தில் வட்டமாக இருந்தார்கள். ஆட்டமே இல்லாத வருடத்தில் எதைச் சொல்வது? எல்லாரும் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஓட்டுகிற தம்பி எழும்பி நின்றார். "உலகம் பாத்துக்கொண்டிருக்காது எண்டு நான் சொன்னனான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் புல்லில் இருந்தார்.

பிறகு இன்னொருவர் எழும்பினார். "கப்பல் வரும் எண்டு நான்தான் சொன்னது."

"ரெண்டு கிழமை எண்டு சொன்னனான்."

இப்படியே ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லிவிட்டு இருந்தார்கள். சிரிப்பு இல்லை, கைதட்டு இல்லை. பெண்கள் பக்கத்தில் நாங்களும் திரும்பிப் பார்த்தோம். இவருடைய முறை வந்தபோது பஸ் ஓட்டுகிற தம்பி அவசரமாகக் கையைக் காட்டினார்.

"அண்ணை, நீங்கள் விடுங்கோ. உங்களுக்கு இந்த முறை இல்லை."

சரியாகச் சொன்னவர் அவர் ஒருத்தர்தானே.

"எனக்கும் இருக்கு" என்று சொல்லி என்னவர் எழும்பினார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இவ ஒவ்வொரு நாளும் ஸ்ரேசனில என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டவ. நானும் சொன்னனான், வரமாட்டான் எண்டு. மனசாரச் சொல்லுங்கோ எண்டவ. எனக்கு ஒருநாளும் ஏலாமல் போச்சுது. ரெயினில ஏறி இருந்த உடன, வருவான்ரா வருவான்ரா எண்டு எனக்குள்ள சொல்லிக்கொண்டுதான் போவன். அவன் இஞ்ச வந்தால் ரீமில ஆரை இருத்திப்போட்டு அவனை லெஃப்ட்டில விடுறது எண்டதும் யோசிச்சு வைச்சிருந்தனான்."

கையால் முகத்தைத் துடைத்தார்.

"மச்சான் வருவான் எண்டுதான் நான் நம்பினனான். அதுதான் என்ர ஆரூடம்."

அவர் இருந்துவிட்டார். நான் பெண்கள் பக்கத்தில் இருந்து எழும்பி, அந்த வட்டத்துக்குள்ளால் நடந்துபோய், அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தேன். செய்தி வந்த நாளிலிருந்து அழாதவள், அத்தனை ஆட்களுக்கும் முன்னால் தம்பியின் பெயரைச் சொல்லிக் குழறி அழுதேன்.